தோல்முட்டை

“இதுக்கும் ஓடு இல்ல, அம்மா.”

கோமதிநாயகம் உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு புறா முட்டை கிடந்தது. முட்டை என்று பேச்சுக்குச் சொல்லலாம், அவ்வளவுதான். வெறும் தோல். விரல் பட்டால் குழிந்தது, விரலை எடுத்தால் மெல்ல நிமிர்ந்தது.

அம்மா முட்டையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எப்ப போட்டா?”

“முந்தாநேத்து. அடுத்தது இன்னைக்கு வரணும், இன்னும் காணல. காஜா மைதீன் மேலப்பாளையத்துல இருந்து வந்து கீழ உக்காந்திருக்காரு. இன்னைக்கு முட்டை தாரேன்னு வாக்கு குடுத்திருக்கேன். அதுவும் தோலா வந்துட்டா என் சொல்லு என்னத்துக்கு ஆகும்?”

“நான் முட்டையைக் கேக்கல. அவ எப்டி இருக்கா?”

“யாரு?” என்றார் கோமதிநாயகம்.

அம்மா எழுந்தாள்.

கோமதிநாயகத்தை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், மடத்தின் குருவான அம்மாவும் அப்படித்தான். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. டவுனில் மளிகை மொத்த வியாபாரம் செய்து, கடையை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, நரிக்கரட்டுக் குன்றின் மேலிருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

வந்த அன்றே இரண்டு விரதம் எடுத்துக்கொண்டார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வதில்லை. யாரிடமும் பொய் சொல்வதில்லை.

அம்மா எதையும் எடுக்கச் சொல்லவில்லை. “எடுத்ததை இறக்கி வைக்கவும் தெரியணும், அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை. புதிதாக விரதம் எடுத்தவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் விட்டு வந்தவர் ஒரு புறாக்கூண்டை மட்டும் விடவில்லை. அதில் ஒரே ஒரு ஜோடி. பெட்டையின் பெயர் நீலி. வடக்கே எங்கேயோ ரயிலேற்றி அனுப்பித் திறந்துவிட்ட பந்தயப் புறாக்களில், புயலுக்குள் புகுந்து வீடு திரும்பியது அது ஒன்றுதான். அன்று முதல் புறா வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் நீலியின் வம்சம் வேண்டும்.

கேட்டார்கள், அவர் கொடுத்தார். முட்டை இட்டதும் எடுத்துக் கொடுத்துவிடுவார். வாங்கிப் போனவர்கள் தங்கள் வீட்டுப் புறாவின் அடியில் வைத்துப் பொரித்துக்கொள்வார்கள். வெறுங்கூட்டைப் பார்த்த நீலி சில நாட்களில் மறுபடி இடும். அதையும் யாராவது கேட்டு வருவார்கள்.

யாரிடமும் காலணா வாங்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கூண்டு மடத்தின் பின்னால், கிணற்றுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் இருந்தது.

நீலி கூட்டில் இல்லை. கூண்டின் தரையில், மூலையில், இறகெல்லாம் உப்பி உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வால் ஒவ்வொரு மூச்சுக்கும் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது.

கோமதிநாயகம் கையை நீட்டினார். நீலி எழுந்து போகப் பார்த்தது. கால் நிற்கவில்லை, சரிந்துவிட்டது.

காலையில் தீவனம் வைக்கும்போது இதே மூலையில்தான் இருந்தது. அவர் கூட்டைத்தான் பார்த்தார். முட்டை இல்லை என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

“காஜா பாய்” என்று குரல் கொடுத்தார்.

காஜா மைதீன் படியேறி வந்தார். கையில் பஞ்சு விரித்த ஒரு சிறிய டப்பா. முட்டைக்காகக் கொண்டுவந்தது. நீலியைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு குனிந்து, அடிவயிற்றை விரல் நுனியால் தொட்டார்.

“முட்டை வாசல்ல நிக்கி, அண்ணாச்சி. இதுவும் தோலுதான். கெட்டியா இருந்தா முக்கித் தள்ளிரும். தோலுக்குப் பிடிமானம் இல்லைலா, வழுக்கிக்கிட்டே நிக்கி.”

“இப்ப என்ன செய்ய?”

“வெதுவெதுப்பா வைக்கணும். கொஞ்சம் வெளக்கெண்ணெய் தடவணும். பொறவு அல்லா விட்ட வழி.”

“லேசா அமுக்கி எடுத்துரட்டா?”

“சிலபேரு எடுப்பாக. வந்தாலும் வரும்.” காஜா மைதீன் நிமிர்ந்தார். “உள்ள கிழிஞ்சிட்டுன்னா பொழுது சாயத் தாங்காது.”

அம்மா அதற்குள் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியும் எண்ணெய்க் கிண்ணமும் கொண்டுவந்திருந்தாள்.

“உக்காருங்க, அண்ணாச்சி. அவளை மடியில வாங்கிக்கிடுங்க.”

அவர் உட்கார்ந்தார். காஜா மைதீன் எண்ணெய் தடவி, துணியைச் சுற்றி, புறாவை அவர் மடியில் வைத்தார்.

“கையை அடியில குடுங்க” என்றாள் அம்மா. “அமுக்கக் கூடாது, ஆட்டக் கூடாது, தடவிக் குடுக்கவும் கூடாது. சும்மா இருக்கணும். முடியுமா?”

“எம்புட்டு நேரம்?”

“அது அவளுக்குத்தான் தெரியும்.”

அம்மா எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். காஜா மைதீன் வேம்பின் அடியில் குத்தவைத்தார்.

புறாவின் நெஞ்சு அவர் கைக்குள் அடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறை முக்கும்போதும் அதன் உடம்பு இறுகியது. அப்போதெல்லாம் அவருடைய விரல்களும் தாமாக இறுகப் பார்த்தன. மூட்டை தூக்கிய கை, தராசு பிடித்த கை, வாழ்நாளெல்லாம் எதையாவது தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருந்த கை. சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை.

“கை” என்றாள் அம்மா.

அவர் விரல்களைத் தளர்த்தினார். கழுத்தில் வேர்வை ஓடியது.

துணி ஆறியது. காஜா மைதீன் போய் வேறு துணி நனைத்துக் கொண்டுவந்தார். நீலி ஒருமுறை கண்ணை முழுதாகத் திறந்து, அவரைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது. செத்துவிடுமோ என்று அவருக்குப் பயம் வந்தது. முட்டையைப் பற்றிய நினைப்பே இப்போது இல்லை.

“அவளுக்கு என்ன குடுக்கிய?” என்று கேட்டாள் அம்மா.

“ஒரு குறையும் வைக்கல, அம்மா. கம்பு, பட்டாணி, சோளம். சிப்பித்தூளு, செங்கப்பொடி, சுண்ணாம்பு. முருங்கைக்கீரையை நானே உருவிப் போடுதேன். பெத்த பிள்ளைக்குக்கூட இப்டிப் பாத்ததில்ல.”

“முட்டையை எடுத்த பொறவு கூட்டுல என்ன வைக்கிய?”

“ஒண்ணும் வைக்கிறதில்ல.”

“எதுவும் வைக்கக் கூடாதா?”

காஜா மைதீன் தரையைப் பார்த்தார். கோமதிநாயகம்தான் சொன்னார். “மரத்துல கடைஞ்ச முட்டை இருக்கு, அம்மா. நெச முட்டையை எடுத்துட்டு அதை வச்சிருவாக. புறா அதுமேல உக்காந்து அடைகாக்கும். அடை முடியுத வரைக்கும் வேற முட்டை வைக்காது. எல்லாரும் செய்யுததுதான். நான் செய்ய மாட்டேன்.”

“ஏன்?”

“அது ஏமாத்துலா. வாயில்லாச் சீவன்கிட்டக்கூட நான் இதுவரை ஒரு பொய் சொன்னதில்ல.”

இதைச் சொல்லும்போது மடியில் ஒரு உயிர் போராடிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறந்து அவர் முதுகு நிமிர்ந்தது. அம்மா அதைக் கவனித்தாள்.

நீலி மறுபடி முக்கியது. இந்தமுறை மெல்லிய ஒரு சத்தம் வந்தது. புறா அப்படிச் சத்தமிட்டு அவர் கேட்டதில்லை.

“அம்மா, எடுத்துரட்டா? வாசல்லதான் நிக்கி. ஒரு விரலு போதும்.”

“கை.”

“செத்துரும், அம்மா.”

“கை, அண்ணாச்சி.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். விரல்கள் துணிக்குள் அசையாமல் கிடந்தன.

அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்களைப் பெத்த அம்மைக்கு மொத்தம் எத்தன பிள்ளைய?”

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவருக்கு எரிச்சல் வந்தது. “ஒம்பது. நான்தான் கடைசி.”

“அவிய வாயில பல்லு எத்தன இருந்துச்சு?”

கோமதிநாயகம் நினைத்துப் பார்த்தார்.

இல்லை. அம்மையின் வாயில் பல் இருந்து அவர் பார்த்ததில்லை. முறுக்கைக் காப்பியில் ஊறப்போட்டுத் தின்பாள். வெற்றிலையைச் சின்ன உரலில் இடித்துத்தான் போடுவாள். சிரிக்கும்போது முந்தானையை வாயில் பொத்திக்கொள்வாள். அம்மை என்றாலே பொக்கைவாய்க் கிழவிதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக வயதைக் கூட்டிப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்கு நாற்பது தாண்டியிருக்காது.

பிள்ளைக்கு ஒரு பல் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

அவர் குனிந்து மடியைப் பார்த்தார். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்தார். முட்டை ஓட்டுக்குத் தன் எலும்பையே கொடுத்து, உடம்பைத் தாங்க முடியாமல் கூண்டில் சரிந்த கால்.

அவருக்கு அழுகை வந்தது. அறுபது வயதுக்கு மேல், காஜா மைதீனுக்கு முன்னால், மூக்கு ஒழுக அழுதார். துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கவில்லை.

நிழல் வேம்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. அவருக்குக் கால் மரத்துப்போனது. துணியை எத்தனை முறை மாற்றினார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

பிறகு நீலியின் உடம்பு ஒருமுறை நீளமாக இறுகியது. அவர் உள்ளங்கையில் சூடாக, ஈரமாக ஏதோ விழுந்தது.

அவர் அசையவில்லை. “வந்துட்டா?” என்று காற்றைப் பார்த்துக் கேட்டார்.

காஜா மைதீன் வந்து துணியை விலக்கினார். முட்டை முழுசாக இருந்தது. தோல்தான், ஆனால் எங்கும் கிழியவில்லை.

“வந்துட்டு, அண்ணாச்சி. கிழியாம வந்துட்டு.”

நீலி அவர் மடியிலேயே கிடந்து மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தியது. காஜா மைதீன் விரலில் தொட்டுக் கொடுத்த தண்ணீரைக் குடித்தது. காலை ஊன்றப் பார்த்தது. நடுங்கியது, ஆனாலும் ஊன்றியது.

மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

காஜா மைதீன் முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “இது ஆகாது” என்று ஓரமாக வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பஞ்சு டப்பாவை எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். ஆனாலும் வந்த காரியம் ஒன்று இருக்கிறதே.

“மனசைப் போட்டு உழப்பாதிய, அண்ணாச்சி. அடுத்த ஈடு முட்டை வைக்கும்லா, அப்ப வந்து வாங்கிக்கிடுதேன். மகளுக்கு இவ வம்சத்துல ஒரு குஞ்சு தாரேன்னு சொல்லிட்டேன். எப்ப வரட்டும்?”

“வாங்க” என்ற சொல் கோமதிநாயகத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூன்று வருடமாக எதைக் கேட்டாலும் அந்தச் சொல்தான் முன்னால் ஓடிவரும்.

நீலி அவர் கையில் சாய்ந்திருந்தது. மூச்சு இன்னும் சீராகவில்லை.

“இல்ல” என்றார்.

காஜா மைதீனுக்குப் புரியவில்லை. “என்ன இல்ல?”

“தர மாட்டேன், பாய். இன்னைக்குத் தாரேன்னு சொன்னதும் தப்பிப்போச்சு. இனிமேலும் இல்ல.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

காஜா மைதீன் திட்டவில்லை. தாடியை நீவிக்கொண்டு கூண்டைப் பார்த்தார். உள்ளே ஆண்புறா தொண்டையை உப்பிக்கொண்டு, வெறுங்கூட்டைச் சுற்றிச் சுற்றிக் குமுறிக்கொண்டிருந்தது.

“நீங்க யாருக்கும் தர வேண்டாம். ஆனா அவ சும்மா இருக்க மாட்டாளே, அண்ணாச்சி. வெறுங்கூட்டைப் பாத்தா மறுபடி வைப்பா. அவன் விட மாட்டான். இவ இருக்கிற இருப்புக்கு இன்னொரு ஈடு தாங்காது.”

“பிரிச்சு வச்சிட்டா?”

“ஜோடியைப் பிரிச்சா தீனி எடுக்க மாட்டா. தீனி இல்லாம இவ எங்க தேறுவா?”

காஜா மைதீன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்தபோது இரண்டு மரமுட்டைகள் இருந்தன. வெள்ளைச் சாயம் அடித்தவை. ஒன்றில் சாயம் கொஞ்சம் உரிந்திருந்தது.

“உங்ககிட்ட முட்டை வாங்க வாரவங்க எல்லாரும் இதைக் கொண்டுவாரோம். நீங்கதான் தொட மாட்டிய.”

கோமதிநாயகம் அவற்றை வாங்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. செஞ்சுருதேன்.”

அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“விரதம் உங்களுது, அண்ணாச்சி.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள். முதுகைத்தான் பார்க்க முடிந்தது. ராட்டினம் சுற்றத் தொடங்கியது.

அவருக்கு அவள்மேல் கோபமாக வந்தது. செய் என்றால் செய்துவிடலாம். செய்யாதே என்றால் பழி அவளைச் சேரும். இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டுப் போனால் மனிதன் என்ன செய்வான்? மூன்று வருடமாகக் காப்பாற்றிய விரதம். கடையில் கல்லாவில் உட்கார்ந்து நாளெல்லாம் பொய் சொன்ன வாய், அதைக் கழுவிக் கழுவி வைத்திருந்தார். அவரிடம் மிச்சம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

கூண்டுக்குள் ஆண்புறா குமுறியது. நீலி அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது. நிற்க முடியாத காலை ஊன்றி அந்தப் பக்கம் போகப் பார்த்தது.

கோமதிநாயகம் கையை நீட்டினார். “தாங்க, பாய்.”

முட்டைகள் சில்லென்று இருந்தன. அப்படியே வைத்தால் அவள் நம்ப மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டார். ஊதினார். வேட்டி மடிப்புக்குள் வைத்து வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். காஜா மைதீன் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு ஏறியதும் கூட்டில் கொண்டுபோய் வைத்தார். வைக்கோலை ஒழுங்குபடுத்தினார். நீலியைத் தூக்கிக் கூட்டின் விளிம்பில் விட்டார்.

நீலி குனிந்து பார்த்தாள். அலகால் ஒன்றைத் தட்டினாள். டக்கென்று மரச்சத்தம் கேட்டது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தாள், பிறகு மற்ற கண்ணால் பார்த்தாள். திரும்பி விளிம்பிலிருந்து இறங்கப் போனாள்.

அந்த நேரத்தில் கோமதிநாயகம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான், இந்தப் பொய் பலிக்க வேண்டும்.

ஆண்புறா கூட்டுக்குள் வந்தது. நீலியைப் பார்த்தது, முட்டைகளைப் பார்த்தது. குமுறலை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றது.

நீலி நின்றாள். திரும்பினாள். மெல்லக் கூட்டுக்குள் கால் வைத்தாள். அலகால் ஒரு முட்டையை வயிற்றுக்கு அடியில் இழுத்தாள். பிறகு அடுத்ததை இழுத்தாள். இறகை உப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்து, உட்கார்ந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

காஜா மைதீன் வெறும் டப்பாவை எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் படியிறங்கிப் போனார்.

கோமதிநாயகம் கிணற்றுப் பக்கம் நடந்தார். அம்மா குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கைகட்டி நின்றார்.

“அம்மா, இன்னைக்கு ஒரு பொய் சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட?”

“நீலிகிட்ட.”

“நம்பிட்டாளா?”

“நம்பிட்டா.”

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“அப்ப போயி அந்தப் பொய்யைக் காப்பாத்துங்க.”